கூடு விட்டுக் கூடு பாயும் எஞ்சின்கள்!

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு! இதில் நடுவில் இருப்பது 1981-லேயே பொய்யாகிவிட்டது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பவும் குடியேறி, பிரதோஷத்தன்று கூட்டம் தாங்கவில்லை. காலியான அந்த இடத்துக்கு நான் ஒரு புது அயிட்டம் சிபாரிசு செய்கிறேன். சொந்த எஞ்சின் இல்லாத வண்டி!

சிரிக்காதீர்கள். வேலூரில் ஆரம்பித்து ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் நீளும் இந்தத் தோல் தொழில் பேட்டையில் ஒரு காலத்தில் எந்த வண்டியின் பானெட்டையும் நம்பித் திறக்க முடியாது. வெளியே பார்த்தால் அம்பாசடர். உள்ளே மெட்டடார் வேனின் டீசல் எஞ்சின்! வெளியே மிலிட்டரி காலத்து பெட்ரோல் ஜீப். உள்ளே எந்த ஊர் எஞ்சினோ, பொருத்திய மேஸ்திரிக்கே மறந்திருக்கும். சுந்தரநாதர் மாடு மேய்க்கும் மூலனின் உடம்பில் புகுந்து திருமூலர் ஆன கதையாக, இங்கே எஞ்சின்கள் கூடு விட்டுக் கூடு பாய்ந்து கொண்டிருந்தன.

இது வேலூருக்கு மட்டும் உரிய வித்தை இல்லை. தமிழ்நாடு முழுக்க நடந்ததுதான். சென்னை புதுப்பேட்டையில் பழைய உதிரி பாகக் கடைகள் செழித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இந்தப் பக்கம் வண்டி ஓடுவது ஜாஸ்தி. தோல் வரவேண்டும், ஷூ போகவேண்டும், நடுவில் ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் தினமும் கிராமத்திலிருந்து ஃபேக்டரிக்கு வந்து திரும்ப வேண்டும். ஓடுகிற இடத்தில்தானே மைலேஜ் பேச்சு வரும்?

மாற்றியது மைலேஜுக்கு மட்டுமா என்றால், அதுதான் இல்லை. விலைக்கு! 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை இறுக்கிப் பிடித்ததும் உலகம் முழுக்க பெட்ரோல் விலை எகிறியது. இங்கே அரசாங்கம் லாரிக்கும் பஸ்ஸுக்கும் பம்பு செட்டுக்கும் உதவட்டும் என்று டீசலை மட்டும் அடக்கி வைத்தது. 1990களின் தொடக்கத்தில்கூட ஒரு லிட்டர் டீசல் விலை பெட்ரோலில் பாதிக்கும் கீழே. ஆனால் கார்களோ பெட்ரோல் கார்கள்! ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியே டீசல் அம்பாசடரைக் கொண்டு வந்தது 1980ஐ ஒட்டித்தான். அதுவரை டாக்ஸிக்காரர் என்ன செய்வார்? பட்டறைக்குப் போனார். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார். டீசல் எஞ்சினை உள்ளே இறக்கினார். பின் சீட்டு ஆசாமிக்குப் பல் கிட்டுகிற அளவுக்கு வண்டி உதறும். பரவாயில்லை, பாக்கெட் உதறவில்லையே!

பெரிய கம்பெனிகளும் இந்த விளையாட்டுக்கு விதிவிலக்கல்ல. மகிந்திரா ஜீப்பில் 1980களில் உட்கார்ந்தது பிரான்ஸ் தேசத்து பியூஜோ டீசல் எஞ்சின். நம் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒரு சொகுசுக் கார் விட்டது. உடம்பு இங்கிலாந்து ரோவர் காரின் உடம்பு. மணப்பெண் மாதிரி இருக்கும். உள்ளே இருந்ததோ பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு கார் வழி வந்த தாத்தா எஞ்சின்! விலையும் ஜாஸ்தி, பெட்ரோலும் குடித்தது. மூன்று வருஷத்துக்குள் கதை முடிந்தது. எஞ்சின் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்கள் இந்த ஒரு காரை ஞாபகம் வைத்துக் கொள்வது நல்லது.

* * *

சரி, எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? என் சித்தப்பா!

வேலூர்க்காரர். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ ஃபேக்டரியில் சூபர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரிடம் ஒரு மெட்டடார் வேன் இருக்கிறது. பஜாஜ் டெம்போ கம்பெனி 1969-ல் ஜெர்மன் தொழில் நுட்பத்தில் இறக்கிய அதே மெட்டடார். சித்தப்பாவுடையது கடைசி காலத்து வண்டி. வாடகைக்கு விடுவதில்லை. சொந்த உபயோகம். உள்ளே இரண்டு வரிசை சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மெத்தை போட்டிருக்கிறார். பின்னால் ஒரு ஸ்டவ், தண்ணீர் கேன், அரிசி டப்பா, ஊறுகாய், பாய், தலையணை. மேலே கேரியரில் ஒரு பெரிய தவலை.

வெள்ளைக்காரர்கள் இதைத்தான் கேம்பர் வேன் என்று பெயர் வைத்து, அதற்கென்று தனிப் பத்திரிகை எல்லாம் நடத்துகிறார்கள். 1960, 70களில் ஐரோப்பாவிலிருந்து தரை மார்க்கமாகவே துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக ஃபோக்ஸ்வாகன் வேனில் இந்தியா வந்தவர்கள் உண்டு. 1979-ல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் ரஷ்ய ராணுவம் என்று ஆனதும் அந்தப் பாதை அடைபட்டது. அந்த ஃபோக்ஸ்வாகன் வேனுக்கும் இதே வியாதிதான். அழகு உண்டு, இழுப்பு போதாது. இன்றும் ஐரோப்பாவில் பழைய ஃபோக்ஸ்வாகனை வாங்கி அதில் ஜப்பான் சுபாரு எஞ்சினைப் பொருத்துகிற பிரியர்கள் இருக்கிறார்கள். பிரேசிலில் 2013 கடைசி வரைக்கும் அந்த வேனைத் தயாரித்தார்கள். அங்கேகூட 2005-ல் காற்றில் குளிரும் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு, தண்ணீரில் குளிரும் 1.4 லிட்டர் எஞ்சினை வைக்க வேண்டி வந்தது.

ஆனால் வேனில் குடித்தனம் நடத்துவதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வேளாங்கண்ணி, பழனி, திருவண்ணாமலை, மேல்மருவத்தூர் என்று ஒரு வேனில் இருபது பேர் கிளம்பி, வழியில் புளியமரத்தடியில் அடுப்பு மூட்டி, அங்கேயே தூங்கி எழுந்து, பல்லும் விளக்கிப் புறப்படும் ஜாதியல்லவா நாம்? சக்கரத்தின் மேல் ஆஸ்பத்திரியே நடத்திய ஊர் வேலூர். சி.எம்.சி.யைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் முதலில் மாட்டு வண்டியிலும், பிறகு ஒற்றை சிலிண்டர் பியூஜோ காரிலும் குடியாத்தம் ரோட்டில் போய் மரத்தடியில் வைத்தியம் பார்த்தவர். ஒரே ஒரு சிலிண்டர்! அது எத்தனை மைலேஜ் கொடுத்ததோ, எத்தனையோ உயிரைக் கொடுத்தது.

அப்படிப்பட்ட ஊரில் நம் சித்தப்பாவின் மெட்டடார் சமீபத்தில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. புதிதில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்தது இப்போது எட்டு. மேட்டில் மூச்சு வாங்குகிறது. பின்னால் வருகிறவர் முகத்தில் கரி பூசுகிறது. வேலூர் பட்டறை மேஸ்திரி பானெட்டைத் திறந்து, ஒரு பீடி பற்ற வைத்து, தீர்ப்பு சொல்லிவிட்டார்.

“இன்னா சார், இது இனிமே தேறாது. வேற எஞ்சின் போட்டுடலாம். ஆம்பூர்ல ஒரு ஷெட்டுல டிராவலர் வேன் எஞ்சின் ஒண்ணு கீது. எழுபதாயிரம். மவுண்டிங்கு, லேத் வேலை, ரேடியேட்டர், கூலி எல்லாம் சேர்த்து இன்னொரு அம்பது. ஒண்ணு இருபது ஆவும். பன்னெண்டு கேரண்டி!”

சித்தப்பா என்னைக் கூப்பிட்டார். “டேய், நீ பி.காம். தானே படிச்சே? கூட வா. எஞ்சினைப் பார்த்துட்டு வருவோம். கணக்கு நீ பாரு.”

பி.காம். படித்ததற்கு முதல் தடவையாக ஒருவர் மரியாதை கொடுத்திருக்கிறார். விடுவேனா?

* * *

கிளம்பும் முன் நான் போட்ட ஒரே கண்டிஷன், டேங்கை மூடி வரைக்கும் நிரப்ப வேண்டும். திரும்பி வந்ததும் அதே பம்பில் மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டாவது தடவை எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுதான் வண்டி குடித்தது. மைலேஜ் மீட்டர், மேஸ்திரி கேரண்டி, மச்சான் வாக்குமூலம் எதையும் நம்ப வேண்டாம்.

கிரீன் சர்க்கிள் தாண்டிப் பெங்களூரு ரோட்டில் ஏறினோம். பழைய ஆட்கள் இன்னும் என்.எச். 46 என்பார்கள். இப்போது 48. மூன்று மூன்று தடமாக விரிந்து கிடக்கிறது. சித்தப்பா எழுபத்தைந்துக்கும் எண்பதுக்கும் நடுவில் முள்ளை நிறுத்திவிட்டார். மெட்டடாரில் எஞ்சின் நம் பக்கத்திலேயே ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். அது கத்துகிற கத்தலில் பேச்சு கிடையாது, ஜாடைதான். காலில் சூடு வேறு. மதனூர் வருவதற்குள் அரை வேக்காடு ஆகிவிட்டேன்.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி நின்றபோதுதான் ரோடு ஓரத்தைப் பார்க்க முடிந்தது. வலது பக்கம் பாலாறு. மணல்தான் ஓடுகிறது. இந்த ஆற்றுக்காக ஒரு வழக்கு நடந்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். தோல் பதனிடும் கழிவு ஆற்றையும் கிணற்றையும் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல அமைப்பு போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அசுத்தம் செய்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டக் கல்லூரிகளில் இன்றும் அந்தத் தீர்ப்பைப் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். அதே ரோட்டில் கறுப்புப் புகை கக்கிக் கொண்டு போகிறோமே என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆம்பூர் வந்துவிட்டதைப் போர்டு பார்த்துத் தெரிந்து கொள்ள வேண்டியதில்லை. மூக்கே சொல்லும். முதலில் தோல் வாசனை, அடுத்து பிரியாணி வாசனை. 2019-ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. பிரியாணி எந்த மாவட்டத்துக்கும் போகவில்லை. அதே சீரகச் சம்பா, அதே கத்திரிக்காய், அதே தயிர் வெங்காயம். சித்தப்பா இரண்டு பிளேட் சொன்னார். “எஞ்சினுக்கு முன்னாடி நம்ம டேங்கு ரொம்பட்டும்.”

* * *

ஷெட்டில் ஒரு பாய். அறுபது வயதிருக்கும். எஞ்சினைப் பற்றிக் கேட்டதும் அதைக் காட்டவில்லை. “வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க சார்” என்றார். பண்ணினோம். சைலன்சர் பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து புகையையே பார்த்தார், ஜோசியர் கை ரேகை பார்ப்பது போல.

“புகைக்கு மூணு கலர் சார். நீலமா வந்தா ஆயில் எரியுது. ரிங், லைனர் போச்சு, எஞ்சின் வேலை செய்யணும். வெள்ளையா வந்துகிட்டே இருந்தா தண்ணி உள்ளே இறங்குது, இல்லேன்னா டீசல் எரியாமலே வெளியே வருது. கறுப்புன்னா டீசல் ஜாஸ்தி, காத்து கம்மி. உங்களுது கறுப்பு. நீலம் துளிகூட இல்ல. இந்த எஞ்சினுக்கு இன்னும் ஆயுசு இருக்கு. எதுக்கு சார் தூக்கிப் போடறீங்க?”

எஞ்சின் விற்க வேண்டிய மனுஷன் வேண்டாம் என்கிறார்! ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் ஒரு தட்டு தட்டினார். ஆம்பூர் மண் அரைப்படி கொட்டியது. டயரில் காற்றுப் பார்த்தார். நாலிலும் குறைச்சல். “நாசிலைக் கழற்றி டெஸ்ட் பண்ணி, டீசல் பம்பை காலிபரேஷன் பண்ணினா ஒம்பதாயிரம் ஆகும். பதினொண்ணு வரும். பன்னெண்டுன்னு நான் பொய் சொல்லமாட்டேன்.”

“எஞ்சின் மாத்தினா பன்னெண்டு வருமா பாய்?”

“வரலாம். வராமலும் போகலாம். எஞ்சின் மட்டும் மாறினா போதுமா? அதோட சுத்து வேற, உங்க கியர் பாக்ஸ் பல்லு கணக்கு வேற. ரெண்டும் பொருந்தலைன்னா மேட்டுல திணறும், சமவெளியில கத்தும். எடை கூடினா முன் ஸ்பிரிங் உட்காரும். ரேடியேட்டர் பத்தலைன்னா கொதிக்கும். மாப்பிள்ளை நல்லவரா இருந்தா போதாது சார், சம்பந்தி வீடும் ஒத்து வரணும்.”

இப்போது என் முறை. பேனாவை எடுத்தேன். சித்தப்பா வருஷத்துக்கு மிஞ்சிப் போனால் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார். லிட்டருக்கு எட்டு என்றால் 375 லிட்டர். பன்னிரண்டு என்றால் 250 லிட்டர். மிச்சம் 125 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 11,500 ரூபாய். போடுகிற பணம் 1,20,000. திரும்பி வரப் பத்து வருஷத்துக்கு மேல்!

“பத்து வருஷமா? அதுக்குள்ள வண்டியும் இருக்காது, நானும் இருக்கமாட்டேன்டா!” என்றார் சித்தப்பா.

அந்தக் காலத்து டாக்ஸிக்காரருக்குக் கணக்கு சரிப்பட்டதே, நமக்கு ஏன் இல்லை? இரண்டு காரணம். அவர் பெட்ரோலிலிருந்து பாதி விலை டீசலுக்குத் தாவினார். அந்தப் பள்ளத்தை அரசாங்கம் மூடிவிட்டது. 2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு போயிற்று. 2014 அக்டோபரில் டீசலுக்கும் போயிற்று. இன்று இரண்டுக்கும் நடுவில் லிட்டருக்குப் பத்து ரூபாய் வித்தியாசம்கூட இல்லை. இரண்டாவது காரணம், அவர் தினமும் ஓட்டினார். எஞ்சின் மாற்றுவது என்பது ஓடுகிற கிலோமீட்டருக்குக் கொடுக்கிற மருந்து. நிற்கிற வண்டிக்கு அது விஷம்!

* * *

நாங்கள் பேசியதை எல்லாம் ஓரமாக நின்று ஒரு இளைஞர் கேட்டுக் கொண்டிருந்தார். ஃபேக்டரிக்குப் பெண்களை ஏற்றி வந்து இறக்கும் கான்ட்ராக்ட் வேன் டிரைவர். சொந்த வண்டி. சித்தப்பாவோடு வேலை பார்த்த ஒருவரின் பிள்ளை என்பது பேச்சுக் கொடுத்ததும் தெரிந்தது. அவர் வேன் பதினோரு வருஷத்துப் பழசு. அதன் புகை அக்மார்க் நீலம்.

“அங்கிள், என் வண்டியும் எட்டுதான் குடுக்குது. எனக்கும் அந்தக் கணக்கைப் போட்டுச் சொல்லச் சொல்லுங்களேன்.”

போட்டேன். கிராமம் கிராமமாகக் காலையும் மாலையும் தினம் நூறு கிலோமீட்டர். வருஷத்தில் முந்நூறு நாள். முப்பதாயிரம் கிலோமீட்டர். எட்டிலிருந்து பன்னிரண்டுக்குப் போனால் மிச்சம் 1,250 லிட்டர். ரூபாயில் 1,15,000! ஒரு லட்சத்து இருபதாயிரத்தைப் போட்டால் ஒரு வருஷத்துச் சொச்சத்தில் முதல் திரும்பிவிடும். பையன் முகம் பிரகாசமாகிவிட்டது.

“அப்போ மாத்திடலாமா சார்? ஒருத்தர் இன்னும் சல்லிசா ஒரு எஞ்சின் தரேங்கறார். மூணு நாள்ல மாட்டிடலாமாம். பில்லுதான் இல்ல.”

பாய் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“தம்பி, எஞ்சின் நம்பர் உன் ஆர்.சி. புக்குல இருக்கு. பில் இல்லாத எஞ்சின் யாரோடதோ? திருட்டு வண்டியோடதா இருந்தா?”

நியாயமான கேள்வி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் இஷ்டத்துக்கு மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில், கம்பெனி குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று அழுத்திச் சொல்லியிருக்கிறது. எஞ்சினையே மாற்றுவதென்றால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் எஃப்.சி.க்குப் போகும்போது பிடிபடும். அது போகட்டும், அபராதத்தோடு போகும். நாளைக்கே வண்டி எங்காவது மோதினால்? இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது எஞ்சின் நம்பரைத்தான். பொருந்தவில்லை என்றால் தகராறுதான். உள்ளே இருப்பது பதினைந்து பெண்கள். பதினைந்து வீட்டில் அடுப்பு எரிய வைக்கிறவர்கள்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இந்த எஞ்சினையே ரிப்பேர் பண்ணினா?” என்றார்.

“அதைத்தானே சொல்ல வரேன்! பிளாக்கு அதேதான். நம்பர் அடிச்சிருக்கறது பிளாக்குல. உள்ளே லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதுசு. அறுபதாயிரம் ஆகும். பதினொண்ணு வரும். ஆர்.சி.யில ஒரு எழுத்து மாறாது. ஆனா பத்து நாள் வேணும்.”

“பத்து நாள் வண்டி நின்னா கான்ட்ராக்ட் வேற ஆளுக்குப் போயிடும் பாய். அதுக்குத்தான் மூணு நாள் எஞ்சினைப் பார்த்தேன்.”

விஷயம் இதுதான். பணமும் இல்லை, மைலேஜும் இல்லை, நாள்! பில் இல்லாத எஞ்சினை வாங்குகிறவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் இல்லை. வண்டி நின்றால் பிழைப்பு நின்றுவிடும் என்கிற பயம்தான் பாதிப் பேரை அந்தப் பக்கம் தள்ளுகிறது.

“என் வேனை எடுத்துக்கோயேன்!” என்றார் சித்தப்பா உற்சாகமாக. பாய் தலையில் அடித்துக் கொண்டார். “சார், உங்களுது வெள்ளை போர்டு! வாடகைக்கு ஓட்டினா அது வேற கேஸு.”

மறுபடியும் பேனா. பத்து நாளைக்கு மாற்று வேன் ஒன்றை வாடகைக்கு வைத்தால் நாளைக்கு மூவாயிரம் என்றார் பையன். முப்பதாயிரம். எஞ்சின் வேலை அறுபது. மொத்தம் தொண்ணூறாயிரம். எட்டிலிருந்து பதினொன்று ஆனால் முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மிச்சம் 1,023 லிட்டர். கிட்டத்தட்ட 94,000 ரூபாய். மாற்று வேன் வாடகையையும் சேர்த்து ஒரு வருஷத்துக்குள் கைக்கு வந்துவிடுகிறது! நிற்கிற நாளுக்கும் ஒரு விலை போட்டுக் கணக்கில் எழுதிவிட்டால் பயம் பாதி குறைந்துவிடுகிறது.

“அறுபது புரட்டிடுவேன். இந்த முப்பதுதான்...” என்று இழுத்தார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். ஒரு லட்சத்து இருபதாயிரம் அவர் மடியில் இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். “முப்பது நான் தரேன். வருஷத்துல திருப்பிக் குடு.”

“வட்டி, அங்கிள்?”

“மாசம் ஒரு பிரியாணி.”

* * *

அன்று வாணியம்பாடி வரைக்கும் போய்விட்டு வேலூர் திரும்பினோம். மொத்தம் 140 கிலோமீட்டர். பம்பில் பிடித்தது பதினேழரை லிட்டர். சரியாக எட்டு! மேஸ்திரி இதை மட்டும் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் நாசிலைக் கழற்றிவிடத் திரும்பவும் ஆம்பூர் போக வேண்டியிருந்தது. நான் ஒரு யோசனை சொன்னேன். “சித்தப்பா, இன்னிக்கும் அதே வாணியம்பாடி வரைக்கும் போயிட்டு வந்து, அப்புறம் நாசிலைக் குடுப்போம். ஆனா ஐம்பத்தஞ்சைத் தாண்டக் கூடாது.” போகும்போது மட்டும் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். பாலாறு வாணியம்பாடியிலிருந்து வேலூருக்குத்தான் பாய்கிறது. அதாவது போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துக் கேலி செய்து கொண்டு போயின. ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி எங்களை ஓவர்டேக் செய்தது. சித்தப்பா பல்லைக் கடித்துக் கொண்டார். ஆனால் எஞ்சின் கத்தவில்லை. ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. கைலாசகிரி மலையை நிதானமாகப் பார்த்தோம். ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்டது.

அதே 140 கிலோமீட்டர். வேலூர் பம்பில் பதினாலு லிட்டர். பத்து! சுத்தமான ஏர் ஃபில்டர், டயரில் சரியான காற்று, காலில் கொஞ்சம் பொறுமை. செலவு என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. கூட ஆன நேரம் முக்கால் மணி. மெட்டடாரின் மூஞ்சி சுவர் மாதிரி தட்டை. வேகம் கூடக் கூட அந்தச் சுவரை வைத்துக் காற்றைத் தள்ளுவதற்கே டீசல் போய்விடுகிறது. எண்பதில் போகும்போது எதிர்க் காற்றின் பலம் ஐம்பத்தைந்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. எந்த நாட்டு எஞ்சினைக் கொண்டு வந்து வைத்தாலும் அந்த மூஞ்சி மாறப் போவதில்லையே?

அடுத்த வாரம் நாசில் வேலையும் முடிந்தது. ஒன்பதாயிரம். நிதானமாக ஓட்டினால் இப்போது பதினொன்று வருகிறது. கறுப்புப் புகை போன இடம் தெரியவில்லை.

பழைய வேன் வைத்திருப்பவர்கள் எனக்குக் கடிதம் எழுதும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று முதலில் எழுதிப் பாருங்கள். புகை என்ன கலர் என்று பாருங்கள். மூடி வரை நிரப்பி மைலேஜ் பாருங்கள். எஞ்சின் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பில்லைக் கையில் வாங்கிக் கொண்டு, முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ், அப்புறம்தான் பட்டறை.

வேலூர் மேஸ்திரிக்கு மட்டும் இன்னும் கோபம் தீரவில்லை. “ஒண்ணு இருபது குடுத்திருந்தா பன்னெண்டு வந்திருக்கும். இப்ப பதினொண்ணோட நிக்கிறீங்க!” என்கிறாராம் சித்தப்பாவிடம். நான் பதில் சொல்லி அனுப்பினேன். ஒன்பதாயிரத்துக்குப் பதினொன்று. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குப் பன்னிரண்டு. நடுவில் இருக்கிற அந்த ஒரே ஒரு கிலோமீட்டரின் விலை ஒரு லட்சத்துப் பதினோராயிரம் ரூபாய்! அந்த விலைக்கு இறங்கி நடந்தே போய்விடலாம்.

ஆம்பூர்ப் பையனின் வேன் பன்னிரண்டாம் நாள் ஓட ஆரம்பித்தது. பாய் சொன்னதற்கு இரண்டு நாள் அதிகம். பட்டறையில் அதற்குப் பெயர் ‘சொன்ன டைம்’. மைலேஜ் பத்தே முக்கால் வருகிறதாம். டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துத் தினமும் எழுதுகிறார். கான்ட்ராக்ட் கை விட்டுப் போகவில்லை. முதல் மாத வட்டி, சித்தப்பா வீட்டுக்கு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சூடாக வந்து சேர்ந்தது.